இல்லாத புத்தகத்தின் இருநூற்றுப் பதினோராம் பக்கம்

கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், மிளகும் சுக்கும் கப்பலேற்றுகிற ஒரு கம்பெனியில் இங்கிலீஷ் கடிதம் எழுதுகிற குமாஸ்தா வைத்தீஸ்வரன். பாலக்காட்டுத் தமிழர், எல்லோருக்கும் ‘சாமி’. மனுஷருக்குப் பொடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. ஒரே ஒரு பைத்தியம், இங்கிலீஷ் சொற்களின் பூர்வீகம். சாயாக் கடையில் யாராவது ‘நைஸ்’ என்று சொல்லிவிட்டால் போச்சு. ஒரு காலத்தில் அந்தச் சொல்லால் முட்டாளைத்தான் குறித்தார்கள் என்று ஆரம்பித்து, சாயா ஆறி ஆடை கட்டும்வரை விடமாட்டார்.

சீமையில் ஒரு பெரிய அகராதி தயாராகிறது, பழைய எழுத்தில் எந்தச் சொல் எந்த வருஷம் வந்திருக்கிறது என்று யாரும் எழுதி அனுப்பலாம் என ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் பத்திரிகையில் படித்தார். கம்பெனி மாடியறையில் வெள்ளைக்காரத் துரைமார் காலத்துக் கடிதப் புத்தகங்கள் அலமாரி அலமாரியாகக் கிடந்தன. சாமிக்குக் கேட்கவா வேண்டும்? சீட்டின் தலையில் சொல். அதன் கீழே வருஷம், வாக்கியம், புத்தகம், பக்கம். ஐந்து வருஷத்தில் முந்நூறு சீட்டு அனுப்பினார். பதிலுக்கு வந்ததெல்லாம் அச்சடித்த நன்றிக் கார்டு. “சாமிக்கு ராணி கடுதாசி போட்டாச்சா?” என்று ஆபீசே கேலி செய்தது.

அந்தக் கேலிதான் அவரைக் கெடுத்தது. எழுபத்தேழு மழைக்காலத்தில் ‘பீடி’ என்ற சொல்லைப் பிடித்தார். அகராதியில் இருக்கிற தேதியைவிட முப்பது வருஷம் முந்தி அது எங்காவது கிடைத்தால் சீமையே திரும்பிப் பார்க்கும். தேடினார், கிடைக்கவில்லை. துரைமார் நடைதான் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடாயிற்றே. பண்டகசாலையில் கூலியாட்கள் பீடி குடிப்பதைத் தடுக்கச் சொல்லி ஒரு துரை எழுதியதாக அவரே ஒரு வாக்கியம் எழுதினார். மாடியில் இல்லாத கடிதப் புத்தகம் ஒன்றைக் குறிப்பிட்டு, பக்கம் இருநூற்றுப் பதினொன்று என்று போட்டார். அன்றே தபாலிலும் சேர்த்தார்.

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. கார்டு இல்லை; அகராதி ஆசிரியரே கையெழுத்திட்ட கடிதம். அருமையான கண்டுபிடிப்பு, அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்கள். மானேஜருக்குத் தலைகால் புரியவில்லை. கடிதத்துக்குச் சட்டம் போட்டு மாட்டச் சொன்னார். ஸ்டுடியோக்காரனுக்கு ஆளனுப்பிவிட்டு, புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார்.

“அதைக் காணோம் சார்.”

மாடிச் சாவி யாரிடம் என்று மானேஜர் கேட்டார். சாவி வாச்மேன் இசக்கிமுத்துவிடம் இருந்தது. “போன வருஷம் நனைஞ்ச கடுதாசியெல்லாம் ஒழிச்சது அவன்தான்” என்றார் வைத்தீஸ்வரன். அந்தப் பேச்சில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. பின்னால் அவரைத் தூங்கவிடாமல் அடித்தது அதுதான்.

இசக்கிமுத்து திருநெல்வேலிப் பக்கத்து ஆள். எழுதப் படிக்கத் தெரியாது. விளக்கம் கேட்டு இங்கிலீஷில் மெமோ வந்ததும், பதில் எழுத வேறு யாரிடம் போவார்? சாமியிடமே வந்தார்.

“ஓடு ஒழுகி நனைஞ்ச கடுதாசியைக் கடலைக்காரன்ட்ட போட்டேன் சாமி. அதுல உங்க புஸ்தகமும் போயிருக்கும். எத்தனை வருசமாத் தேடுனியளோ. பாவி நான் கெடுத்துட்டேன்.”

சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. எதிர்ச்சுவரில் சட்டத்துக்குள் சீமைக் கடிதம் தொங்கிக்கொண்டிருந்தது. வைத்தீஸ்வரன் டைப்ரைட்டரில் தாளைச் செருகி, தன் வாழ்நாளிலேயே மிக நல்ல இங்கிலீஷில் ஒரு மன்னிப்புக் கடிதம் அடித்தார். இசக்கிமுத்து பெருவிரல் ரேகை வைத்தார். ரேகை வைப்பவருக்கு வாசித்துக் காட்டி விளங்கவைத்ததாக, எழுதியவரும் கீழே ஒப்பமிடுவது வழக்கம். சாமி ஒப்பமிட்டார்.

இசக்கிமுத்துவை மழையிலும் வெயிலிலும் நிற்கிற காவலுக்கு, கம்பெனியின் தோப்பும்படி யார்டுக்கு மாற்றினார்கள். பக்கத்தைக் காட்டாமல் சேர்க்க இயலாது என்று அகராதிக்காரர்கள் எழுதிவிட்டார்கள். அதன்பின் வைத்தீஸ்வரன் ஒரு சீட்டுக்கூட அனுப்பவில்லை. “ஏன்னா, வரவர வாயே திறக்கறதில்லையே, என்னாச்சு?” என்று மனைவி கனகாம்பாள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள்.

எண்பத்து நான்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இசக்கிமுத்து அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் சணல் கட்டிய ஒரு பழைய புத்தகம்.

“இது அதுவான்னு பாருங்க சாமி. மாடியில கிடந்த புஸ்தகங்க மாதிரியே இருக்கு. ஏழு வருசமா ஞாயித்துக்கிழமை தோறும் பழைய பேப்பர் கடை ஒண்ணு விடாமப் பாக்கேன். எம் பொஞ்சாதி மாடத்திக்கு என்னைத் திட்டியே வாய் வலிச்சுப் போச்சு.”

அது யாரோ ஒரு கப்பல்காரனின் சாமான் பட்டியல். இதற்கு மேல் தாங்காது என்று வைத்தீஸ்வரனுக்குத் தெரிந்துவிட்டது.

“இசக்கி, அப்படி ஒரு புஸ்தகமே கிடையாது. நானா எழுதின பொய் அது. உன் மேலே பழி விழுந்தது என்னாலே.”

இசக்கிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“எம் மனசு ஆறணும்னு பழியைத் தூக்கி உங்க தலையில போட்டுக்கிடுதிய. இந்த மனசு யாருக்கு வரும் சாமி?”

“இல்லை இசக்கி. சத்தியமாச் சொல்றேன்.”

“சரி சாமி, சரி” என்று இசக்கிமுத்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். “பள்ளுருத்தில ஒரு கடை பாக்கி இருக்கு. அடுத்த ஞாயிறு அங்க பாத்துட்டு வாரேன்.”