அப்பாவின் பஸ்ஸில் ‘வேணாங்க’ பாட்டு

கல்யாண மண்டபத்திலோ கல்லூரி விழாவிலோ அந்தப் பாட்டைப் போட்டால் போதும், கூட்டம் மொத்தமும் கையைத் தூக்கிக்கொண்டு “வேணாங்க! வேணாங்க!” என்று கத்தும். ஓட்டமான டிரம்ஸ், இரைச்சலான கிடார், தொண்டை கிழியக் கத்தும் ஒரு பையன். பாப் பங்க் என்று அதற்குப் பெயராம். காதலைச் சொல்லப் போய், பெண் மறுத்துவிட்ட சோகத்தைக் குதித்துக் குதித்துப் பாடுவார்கள். பாடட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் அந்த ‘வேணாங்க’ என்னுடையது. அதை முதலில் சொன்னவள் நான். அதற்காக இன்றுவரை யாரும் எனக்கு ஒரு டீகூட வாங்கித் தந்ததில்லை.

அப்பா தனியார் பஸ் டிரைவர். தர்மபுரியில் எடுத்தால் பாப்பாரப்பட்டி வழியாகப் பென்னாகரம். நான் தர்மபுரியில் காலேஜ் படித்தபோது போக வர அவருடைய பஸ்தான். என்ஜின் பெட்டியை ஒட்டிய முன்சீட்டு எனக்கு. டிரைவர் மகள் என்பதால் கிடைத்த ஒரே சலுகை அது. வெயில் காலத்தில் கால் வெந்துபோகும்.

பென்னாகரத்திலிருந்து என்ஜினியரிங் படிக்க வந்துபோன பையன் ஒருவன் அதே பஸ்ஸில் வருவான். முதுகில் கிடார். பின்படிக்கட்டுக் கூட்டத்தில் அதை வைத்துக்கொண்டு நிற்க முடியாது. ஒரு நாள் முன்னால் வந்து அப்பாவிடம் கேட்டான்.

“அண்ணா, இத இங்க வெச்சுக்கட்டுங்களா? பின்னாடி நசுக்கிப்புடுவாங்க.”

“வையி தம்பி. பிரேக் அடிச்சா அதுவா பாடும், பரவால்லியா?” என்றார் அப்பா.

அன்றிலிருந்து அந்தக் கிடார் என்ஜின் பெட்டிமேல், என் முழங்காலுக்குப் பக்கத்தில் பயணம் செய்தது. வைக்கும்போது ஒரு சிரிப்பு, எடுக்கும்போது ஒரு சிரிப்பு. கிடாரைப் பார்த்துக்கொள்வதற்கு நன்றி சொல்கிறான் என்று நினைத்தேன். மக்குப் பிளாஸ்திரி நான்.

மாலையில் பாப்பாரப்பட்டியில் பஸ் கொஞ்ச நேரம் நிற்கும். அப்பாவும் கண்டக்டரும் டீ குடிக்கப் போவார்கள். போகும்போது அப்பா வேகவைத்த கடலை ஒரு பொட்டலம் வாங்கி ஜன்னல் வழியாக என்னிடம் கொடுப்பார். அது தினமும் நடப்பது. இரண்டாம் வருடம் படிக்கும்போது ஒரு நாள், அந்தக் கடலையை நான் உரித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவன் முன்னால் வந்தான். பஸ்ஸில் அநேகமாக யாரும் இல்லை.

“உங்கள எனக்கு ரொம்பப் புடிச்சிருக்குங்க” என்றான்.

“வேணாங்க” என்றேன்.

“யோசிச்சாச்சும் சொல்லுங்க.”

“இல்லைங்க, வேணாங்க. எனக்கு அப்படி எண்ணமே இல்லைங்க. போங்க.”

நல்ல பையன் என்றுதான் சொல்ல வேண்டும். மல்லுக்கட்டவில்லை, கையைப் பிடிக்கவில்லை. கிடாரை எடுத்து மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டான். பிறகு எங்கள் பஸ்ஸில் அவன் ஏறவே இல்லை. படிப்பை முடித்துவிட்டுப் பெங்களூர் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். வீட்டில் நான் மூச்சு விடவில்லை.

ஏன் மூச்சு விடவில்லை என்றால், எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு கதை நடந்திருந்தது. பெரியப்பா மகள், என் அக்கா, இதே காலேஜில் படித்தவள். ஒரு பையன் நாலைந்து தடவை அவளுக்குப் போன் செய்தான். “நான் வேணாம்னு சொல்லிட்டேன், சத்தியமா சொல்லிட்டேன்” என்று அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். யார் கேட்டார்கள்? பெரியப்பாவுக்குக் காலேஜ் ஆபீஸில் பேச வராது என்று என் அப்பாதான் கூடப் போய் அவளுடைய டிசியை வாங்கி வந்தார். அடுத்த முகூர்த்தத்தில் காரிமங்கலம் பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். என் விஷயம் வெளியே வந்தால் அடுத்த டிசி என்னுடையது.

மூன்றாம் வருடம் பாட்டு வந்தது. கண்டக்டர்தான் பென் டிரைவில் ஏற்றிக் கொண்டுவந்தார்.

“ண்ணா, நம்ம பென்னாகரத்துப் பையன் பாட்டுங்கண்ணா! ஒலகமே கேக்குது!”

அப்பாவின் பஸ்ஸில் காலையில் சாமிப் பாட்டு, மற்ற நேரம் பழைய மெலடி, அவ்வளவுதான். புதுப் பாட்டு கேட்பவர்களை “எறங்கி ஆட்டோல வா” என்பார். ஆகவே நான் நிம்மதியாகத்தான் உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் கேட்காமலே பென் டிரைவைச் சொருகிவிட்டார், டிரம்ஸ் தடதடவென்று தொடங்கியது. ‘முன்சீட்டுல கடல உரிச்சா, என் மூஞ்சியப் பாக்காம உரிச்சா’ என்றான் அவன். பின்னாலேயே நாலு பேர் சேர்ந்து, “வேணாங்க! வேணாங்க!”

அடுத்த டிசி கண்ணுக்குத் தெரிந்தது. கூடவே கோபம். அடப்பாவி, பார்க்காமல் உரித்தேனா? நிறுத்தத் தெரியாமல் உரித்துக்கொண்டே இருந்தேன். ஒரு பருப்பைக்கூட வாயில் போடவில்லை, எல்லாம் மடியில் கிடந்தது. அதைப் பாட்டில் வைக்க உனக்குத் துப்பில்லையே!

பாட்டு முடிந்தது. அப்பா ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார், “இன்னொருக்கா போடு.”

அன்றிலிருந்து பிடித்தது சனி. போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை. அப்பா ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போடுவார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மொத்தமாக “வேணாங்க” என்று கத்துவார்கள். டிக்கெட் எடுக்கச் சொன்னால்கூட “வேணாங்க” என்று கண்டக்டரைக் கேலி செய்தார்கள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், ஒரு குற்றமும் செய்யாத என் நெஞ்சு குறுகுறுத்த குறுகுறுப்பு எனக்குத்தான் தெரியும். கடலை தின்பதை விட்டேன். முன்சீட்டை விட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தேன். அப்பா எதுவும் கேட்கவில்லை.

அப்புறம் அவனைப் பேட்டி எடுத்தார்கள். எங்கள் ஊர் பஸ்ஸில் வந்த பெண், பெயர் சொல்ல மாட்டேன் என்று சொல்லிவைத்தான். பெயர் சொல்லாதது பெரிய புண்ணியம்தான், ஆனால் பஸ்ஸைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் இல்லையா? மறுநாளே கண்டக்டர் ஆரம்பித்துவிட்டார்.

“ண்ணா, முன்சீட்டுங்கறான், கடலைங்கறான்... நம்ம பஸ்ஸா இருக்குமோ?”

அப்பா சத்தத்தைக் கூட்டி வைத்தார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்று இரவு வீட்டில் என்ன நடக்கும் என்று யோசித்தபடியே வந்தேன்.

பாப்பாரப்பட்டியில் பஸ் நின்றது. எல்லாரும் இறங்கினார்கள், கண்டக்டரும் டீக்கடைக்குப் போனார். அப்பா கடலைப் பொட்டலத்தோடு பஸ்ஸுக்குள் ஏறிவந்து, “முன்னால வந்து உக்காரு” என்றார். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. என்னால் முடியவில்லை.

“ப்பா, அந்தக் கருமத்த நிறுத்துங்க!”

அவர் நிறுத்தவில்லை, சத்தத்தை மட்டும் குறைத்தார்.

“ஏம்மா, நல்லாத்தான இருக்குது? நீ சொன்னதுதான?”

அவர் முன்கண்ணாடி வழியாக எதிர்ப்பக்க டீக்கடையைக் கை காட்டினார்.

“நான் அங்கதான் டீ கெலாசோட நின்னேன். இந்தக் கண்ணாடி எம்மாம் பெருசு, பாரு. அவன் வந்தான், என்னமோ சொன்னான், நீ தலைய ஆட்டுன. பென்னாகரம் போறவன் கித்தார எடுத்துக்கிட்டு இங்கயே எறங்கிட்டான்.”

“அப்பவே என்னைக் கேட்டிருக்கலாமில்லீங்க?”

“கேட்டா நீ நெசம் சொல்லுவியோ, பொய் சொல்லுவியோ. இங்க பேச வேணாம், நாளைக்கு வேற எடத்துல பேசலாம்னு சொன்னியோ, என்ன எழவோ! அந்த மாசமெல்லாம் எனக்குச் சோறு எறங்கல.” கொஞ்ச நேரம் கடலையை உரித்தார். “ஒரு நாளு உங்க காலேஜ் ஆபீசுக்கே வந்துட்டேன். கிளார்க்கு சாப்புடப் போயிருந்தாரு. உக்காந்து பாத்தேன். வண்டி எடுக்கற நேரமாயிடுச்சு, வந்துட்டேன். திரும்ப வரோணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள இவன் பாட்டக் கொண்டாந்தான்.”

கிளார்க்கின் சாப்பாட்டு நேரத்தில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது என் படிப்பு.

“பாட்டக் கேட்ட பொறவுதான் எனக்கு உசுரே வந்துது பாப்பா. நீ என்ன சொன்னன்னு அவனே ஊரக் கூட்டிச் சொல்லிப்புட்டான். அவன் அழுவுறான், நான் நிம்மதியா வண்டி ஓட்டுறேன்.”

அப்பாடா! அந்த ஒரு வார்த்தையில் எத்தனை மாதப் பயம் போனது என்று சொல்ல முடியாது. சிரிப்பு வந்தது, கண்ணீரும் வந்தது. படிப்பு பிழைத்தது. நான் யாரைத் தினமும் சபித்தேனோ, அவனே எனக்குச் சாட்சி சொல்லியிருக்கிறான்.

சிரித்து முடித்தபோதுதான் அக்கா நினைவுக்கு வந்தாள்.

“அக்காவும் வேணாம்னுதான் சொன்னா, ப்பா.”

அப்பா உரிப்பதை நிறுத்தினார்.

“அந்தப் பையனுக்குப் பாடத் தெரியல” என்றார்.

கண்டக்டர் வாயெல்லாம் பல்லாக ஏறிவந்தார். “ண்ணா, அந்தப் பொண்ணு நம்ம பஸ்ல வந்ததுதான்னு டீக்கடையிலயே பேசிக்கறாங்கண்ணா!”

“நம்ம பஸ்ல வந்திருந்தா எனக்குத் தெரியாமப் போயிடுமா? விசில் அடிய்யா, நேரமாவுது” என்றார் அப்பா.

வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்லச் சிரித்தாள். ‘அந்தப் பையனுக்குப் பாடத் தெரியல’ என்று அப்பா சொன்னதைச் சொன்னபோது மட்டும் சிரிக்கவில்லை. பிறகு, “அந்தப் பாட்ட எனக்கு அனுப்பு” என்றாள்.

அதையே தன் போனுக்குக் காலர் டியூனாக வைத்துக்கொண்டாள், இன்னும் மாற்றவில்லை. போன வாரம் அப்பா அவளுக்குப் போன் செய்தார். அவள் எடுக்க நேரமானது. காதில் வைத்த போனோடு, அதுவரை அந்தப் பாட்டை நின்றபடியே கேட்டார்.