மாமாவின் இருநூறு ராத்தல்

எங்கள் மாமா இருநூறு ராத்தல் இரும்பைத் தலைக்கு மேல் தூக்குவார் என்பது பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. தெரியாதவர்கள் யாராவது இருந்தால் நான் போய்ச் சொல்லிவிடுவேன்.

மாமா அம்மாவின் தம்பி. நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா காய்ச்சலில் போய்விட்டதால், எங்களைத் தன் குவாட்டர்ஸுக்கு அழைத்து வந்து வைத்துக்கொண்டவர். கூட்ஸ் ஷெட்டில் மூட்டை ஏற்றும் வேலை. பகலெல்லாம் மூட்டை தூக்கிவிட்டு வருகிறவன், வீட்டுக்கு வந்தும் ஏன் இரும்பைத் தூக்க வேண்டும் என்று அம்மாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. மூட்டை தூக்கினால் முதுகு வளையும், பார்பெல் தூக்கினால் முதுகு நிமிரும் என்பார் மாமா.

அந்தப் பார்பெல் கடையில் வாங்கியது அல்ல. லைன் வேலைக்காரர்கள் தண்டவாளத்தில் தள்ளிக்கொண்டு போகும் டிராலி ஒன்று உடைந்து கிடந்தது. அதன் அச்சையும் இரண்டு சக்கரங்களையும் கேட்டு வாங்கி வந்து, வீட்டுக்குப் பின்னால் போட்டிருந்தார். அது மட்டுமே நூற்றிருபது ராத்தல். அதற்கு மேல், தண்டவாளங்களை இணைக்கும் இரும்புத் தகடுகளை இரண்டு பக்கமும் கம்பியால் கட்டிக்கொள்வார். ஒரே நாளில் அதிகம் ஏற்ற மாட்டார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை சின்னத் துண்டாக ஒன்று. உடம்புக்குத் தெரியாமல் ஏற்ற வேண்டும், தெரிந்தால் அது முரண்டு பிடிக்கும் என்பது அவருடைய கொள்கை. இப்படி உடம்பை ஏமாற்றி ஏமாற்றியே மூன்று வருடத்தில் இருநூறுக்கு வந்துவிட்டார். பின்சுவரில் அந்த எண்ணைச் சுண்ணாம்புக் கட்டியால் எழுதியவள் நான்.

மாலையில் அவர் தூக்கும்போது வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு அண்ணன் எண்ணுவார். அவரும் கூட்ஸ் ஷெட்டில்தான் வேலை. மூங்கில் குச்சி மாதிரி இருப்பார், எதற்கும் சிரிப்பார். கல்யாணமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா அப்போதுதான் பிள்ளை பெற்றிருந்தாள்.

ஜப்பான்காரன் வந்த பிறகு அரிசி காணாமல் போனது. முதலில் சோற்றில் மரவள்ளிக்கிழங்கைக் கலந்தோம். பிறகு கிழங்கில் சோற்றைக் கலந்தோம். கடைசியில் கிழங்கு மட்டும் மிஞ்சியது. மாமாவின் தகடுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. நூற்றுத் தொண்ணூறு, நூற்றெழுபது, நூற்றைம்பது. அவர் சொன்ன எண்களை நான் சுவரில் எழுதவில்லை. நான் எழுதிய இருநூறு அப்படியே இருந்தது.

பக்கத்து வீட்டு அண்ணன் இரண்டு கோழி வளர்த்தார். வாரத்துக்கு ஒரு முட்டையை வேலி வழியாக மாமாவிடம் நீட்டுவார். "தூக்குறவன் தின்னணும்லா அண்ணே. நான் தின்னு என்ன செய்யப்போறேன்?" மாமா வேண்டாம் என்பார். அவர் விடமாட்டார். மாமா அந்த முட்டையைப் பச்சையாகக் குடிப்பதை நான் எச்சில் விழுங்கிக்கொண்டு பார்ப்பேன்.

எனக்கு அப்போது பத்து வயது. மாமாவைப் பார்த்து நானும் ஒன்று செய்துகொண்டேன். ஒரு மூங்கில் கழி, இரண்டு முனையிலும் மணல் நிரப்பிய பால் டின். பொம்பளைப் பிள்ளைக்கு இது என்ன வேலை என்று அம்மா இரண்டு முறை அதைத் தூக்கி எறிந்தாள். இரண்டு முறையும் நான் தேடி எடுத்து வந்தேன். மாமா கேலி செய்யவுமில்லை, கற்றுக்கொடுக்கவுமில்லை. என் பாட்டுக்கு வாரம் ஒரு பிடி மணல் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு சயாமுக்கு ஆள் பிடிக்கத் தொடங்கினார்கள். அங்கே ரயில் பாதை போடுகிறார்களாம், மூன்று மாத வேலையாம், அரிசி கிடைக்குமாம். ரப்பர் தோட்டங்களிலிருந்து லோரி லோரியாக ஆட்களை ஏற்றிப் போனார்கள். மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தவரை யாரும் பார்க்கவில்லை. அந்தப் பேச்சு வந்தாலே பெரியவர்கள் எங்களை வெளியே போய் விளையாடச் சொன்னார்கள். அதனால் சயாம் என்பது ஏதோ பிள்ளைகளுக்குச் சொல்லக்கூடாத கெட்ட வார்த்தை என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் காலை எங்கள் வீட்டு வரிசைக்கு ஒரு ஜப்பான் அதிகாரியும் இரண்டு சிப்பாய்களும் வந்தார்கள். கூடவே ஆபீஸில் கணக்கெழுதும் ஒரு தமிழ்க் கிராணி, கையில் பெயர்ப் பட்டியலோடு. வரிசைக்கு ஒரு ஆள் வேண்டும். எங்கள் வரிசையில் வயதுக்கு ஏற்றவர்கள் இரண்டே பேர்தான் இருந்தார்கள், மாமாவும் பக்கத்து வீட்டு அண்ணனும். இருவரையும் வாசலில் நிறுத்தினார்கள். அன்று மாமா நின்ற விதமே எனக்குப் பிடிக்கவில்லை. தோளைக் குறுக்கி, முதுகை வளைத்து, விட்டுவிட்டு இருமிக்கொண்டு நின்றார். கிராணி இரக்கமுள்ள மனிதர். மாமாவைக் காட்டி, இவன் சீக்காளி, ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்க மாட்டான் என்று முதலில் தமிழிலும் பிறகு அவருக்குத் தெரிந்த ஜப்பான் மொழியிலும் சொன்னார். அதிகாரியின் பார்வை பக்கத்து வீட்டு அண்ணன் மேல் போனது.

ஒரு வாளித் தண்ணீர்! என் காதில் நெருப்பை அள்ளிக் கொட்டியது போலிருந்தது.

"எங்க மாமா இருநூறு ராத்தல் தூக்குவாரு!" என்று கத்தினேன்.

கிராணி திரும்பவே இல்லை. கேட்காதது போல் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மொழிபெயர்க்கப்போவதில்லை என்று தெரிந்ததும், நானே அதிகாரிக்கு முன்னால் ஓடிப் போய் நின்றேன். கால்களை அகட்டி வைத்துக் குனிந்து, இல்லாத ஒரு பாரத்தைப் பிடித்து, மார்புக்குக் கொண்டுவந்து, மூச்சை இழுத்துத் தலைக்கு மேல் ஏற்றிக் காட்டினேன். பிறகு வீட்டின் பின்பக்கத்தைக் காட்டினேன். அம்மா என் முடியைப் பிடித்து இழுத்தபோது காரியம் முடிந்துபோயிருந்தது. அதிகாரி சிரித்தபடி பின்பக்கம் நடந்தார்.

சக்கரங்கள் புல்லில் கிடந்தன. நூற்றைம்பது ராத்தல் இருந்திருக்கும். அதிகாரி ஒரு சிப்பாயைத் தூக்கச் சொன்னார். அவன் முழங்கால் வரை கொண்டுவந்து, முகம் சிவந்து, கீழே போட்டான். மற்றவன் சிரித்தான். பிறகு அதிகாரி மாமாவுக்குக் கையைக் காட்டினார்.

மாமா என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. நான் உற்சாகப்படுத்துகிறேன் என்று நினைத்துத் தலையை ஆட்டினேன்.

அவர் குனிந்தார். முதுகு நேரானது. இருமல் எங்கே போனதோ தெரியவில்லை. ஒரே இழுப்பில் இரும்பு மார்புக்கு வந்தது. அவருக்கே அது தெரியாமல் நடந்துவிட்டது போலிருந்தது. உடம்பு பழக்கத்தை மறக்கவில்லை. அதிகாரி 'ஓ' என்றார். நான் கை தட்டினேன். அடுத்தது தலைக்கு மேல் போக வேண்டும். மாமா அப்படியே நின்றார். அவருடைய இடது கால் மெதுவாகப் பக்கவாட்டில் அரையடி நகர்ந்தது. பிறகு கைகள் திறந்துகொண்டன.

சக்கரம் பாதத்தின் மேல் விழுந்த சத்தத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை.

"பாக்கேரோ!" என்று அதிகாரி தன் மொழியில் திட்டினார். கிராணி பட்டியலில் எதையோ அடித்தார். பக்கத்து வீட்டு அண்ணன்தான் வாசலிலிருந்து ஓடி வந்தார். இரும்பைப் புரட்டித் தள்ளி, தன்னைவிட இரண்டு மடங்கு இருந்த மாமாவை முதுகில் சுமந்து வீட்டுக்குள் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார். அவர் வெளியே வந்தபோது கிராணி அவர் பெயரைக் கூப்பிட்டார்.

துணி எடுத்துக்கொள்ள மட்டும் நேரம் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்தபடி, இரும்பு விழுந்தபோது நின்ற அதே வேலி ஓரத்திலேயே இன்னும் நின்றுகொண்டிருந்தாள். "மூணு மாசம்தான்லா, எண்ணிக்கிட்டு இரு," என்று அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு எங்கள் வாசலில் எட்டிப் பார்த்து, "அண்ணே, காலைப் பாத்துக்குங்க. நம்ம வீட்டையும் கொஞ்சம் பாத்துக்குங்க," என்றார். உள்ளேயிருந்து பதில் வரவில்லை. வலியில் மாமாவுக்கு நினைவு தப்பிவிட்டது என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தேன். கண்களைத் திறந்துகொண்டுதான் படுத்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரெசர் வந்து பலகை வைத்துக் கட்டினார். மருந்து இல்லை. மூன்று விரல்கள் போயின. மாமா எழுந்து உட்காரவே இரண்டு மாதம் ஆனது. என் வாயால்தான் மாமாவின் கால் போயிற்று என்று அம்மா ஒருநாள் சொன்னாள். நான் சாப்பிடாமல் அழுதேன். மாமா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"நீ ஒண்ணும் பண்ணல. அழுகாத. நாளையிலேருந்து குழாய்த் தண்ணி நீ தூக்கணும், முடியுமா?"

முடியும் என்றேன்.

"மொதல்ல பக்கத்து வீட்டுத் தொட்டி. அப்புறம்தான் நம்ம தொட்டி."

குழாய், எங்கள் வீட்டு வரிசையின் கடைசியில், ரோட்டோரம் இருந்தது. முதல் வாரம் அரை வாளிக்கு மேல் என்னால் முடியவில்லை. வழியில் நாலு இடத்தில் இறக்கி வைத்தேன். மாமா வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். வாரம் இரண்டு விரற்கடைத் தண்ணீர் கூடச் சேர் என்றார். வாளியை எடுக்கும்போது முதுகால் தூக்காதே, காலால் தூக்கு என்றார். அதற்கு மேல் எதுவும் சொன்னதில்லை. மழைக்காலம் முடிவதற்குள் ஒரு முழு வாளி வந்தது. அடுத்த வருடம் இரண்டு கையிலும் இரண்டு வாளி, எங்கும் இறக்காமல். கையில் தோல் காய்த்துப்போனது. பால் டின்களையெல்லாம் நான் மறந்தே போனேன். கிழங்கு தின்று மற்ற பிள்ளைகள் வற்றிக்கொண்டிருந்தபோது எனக்கு மட்டும் தோள் அகலமாகியது. மாமா என்னைப் பெரிய பயில்வானாக்கப்போகிறார், அதற்காகத்தான் இந்தப் பயிற்சி என்று முழுமனதாக நம்பினேன்.

அம்மாவுக்கு ஆரம்பத்தில் பொறுக்கவில்லை. ஊரான் வீட்டுத் தொட்டிக்கு என் பிள்ளையின் முதுகா கிடைத்தது என்று ஒருநாள் மாமாவிடம் சத்தம் போட்டாள். மாமா அவளிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. அம்மா நெடுநேரம் அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அன்றிலிருந்து அவித்த கிழங்கில் ஒரு பங்கும் வேலியைத் தாண்டியது. நொண்டிக்கொண்டு நடக்கத் தொடங்கியதும் மாமாவே போய் அந்த வீட்டுக்கு விறகு பிளந்து போட்டார், கூரை ஒழுகினால் அடைத்தார். பக்கத்து வீட்டு அக்கா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். வேண்டாம் என்றும் சொன்னதில்லை, மாமாவிடம் முகம் கொடுத்து ஒரு வார்த்தை பேசியதுமில்லை. எவ்வளவு நன்றி கெட்டவள் என்று நான் நினைத்துக்கொண்டதுண்டு.

பார்பெல்லை மாமா பிறகு தொடவே இல்லை. புல் அதை மூடிவிட்டது.

ஜப்பான்காரன் தோற்றுப்போன பிறகு சயாமிலிருந்து ஆட்கள் திரும்பி வந்தார்கள். ரயிலை விட்டு இறங்கியவர்களை அவரவர் வீட்டுக்காரர்களே அடையாளம் கண்டுகொள்ளத் திணறினார்கள். மாமா தினமும் ஸ்டேஷனுக்கு நடந்து போய் ஒவ்வொருவரிடமும் பெயரைச் சொல்லி விசாரித்தார். மூன்றாவது வாரம் ஒரு ஆளைப் பிடித்தார். பக்கத்து வீட்டு அண்ணனோடு ஒரே கொட்டகையில் இருந்தவன். அங்கே போன முதல் மழையிலேயே வாந்திபேதி கண்டு, இரண்டே நாளில் முடிந்துவிட்டதாம். இங்கே அக்கா மாதங்களை எண்ணிக்கொண்டிருந்த காலம் முழுவதும் அவர் உயிரோடு இல்லை.

மறுநாள் காலை நான் இரண்டு வாளியோடு போனபோது பக்கத்து வீட்டு வாசலில் மாமா நின்றுகொண்டிருந்தார். உள்ளே அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். செய்தியைச் சொல்லி முடித்துவிட்டார் போலிருந்தது. அவள் அழவில்லை. பிள்ளை அவள் மடியில் எதையோ உருட்டி விளையாடிக்கொண்டிருந்தது. வழியை மறித்துக்கொண்டு மாமா நின்றதால் நான் பின்னால் காத்திருந்தேன். பெரியவர்கள் பேசும்போது வாளியை இறக்கி வைக்காமல் நின்றால் பலம் கூடும் என்று தோன்றியது. இறக்காமலே நின்றேன்.

"அன்னைக்கு அது கை நழுவி விழல, தங்கச்சி," என்றார் மாமா. "நானாத்தான் காலைக் கொடுத்தேன்."

அக்கா மடியிலிருந்து உருண்டோடியதை எடுத்துப் பிள்ளையிடம் கொடுத்தாள்.

"தெரியும்ண்ணே. நான் வேலி ஓரத்துலதானே நின்னுக்கிட்டு இருந்தேன்."

மாமா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "தெரிஞ்சுமா இத்தனை நாளு இந்தத் தண்ணிய..."

"புள்ளைக்குத் தண்ணி வேணும்லா," என்றாள்.

பிறகு அவள் எழுந்து, மாமாவைக் கடந்து என்னிடம் வந்தாள். என் இரண்டு கைகளிலிருந்தும் வாளிகளை வாங்கினாள். கைப்பிடி பதிந்து சிவந்திருந்த என் உள்ளங்கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"போதும்மா. நாளையிலேருந்து நானே தூக்கிக்கிறேன்."

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு வருடத்துக்கு மேல் ஒருநாள் தவறாமல் தூக்கியவளைப் பார்த்து இப்படிச் சொல்கிறாளே, இறக்கி இறக்கித் தூக்கிய அந்த முதல் வாரத்து ஞாபகம் போலிருக்கிறது என்று நினைத்தேன். "என்னால இன்னும் தூக்க முடியும்க்கா, நெறைய தூக்க முடியும்," என்றேன். அவள் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றி, வெறும் வாளிகளை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மாமா என் தோள் மேல் கையை வைத்து, தன் பாரம் முழுவதையும் அதில் சாய்த்து, படியிறங்கினார். நொண்டிக் கால் வலிக்கிறது போலும் என்று எண்ணிக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் முதல் ஆளாகக் குழாயடிக்குப் போனேன். இரண்டு வாளியையும் விளிம்பு வரை நிரப்பி, எங்கள் வீட்டுக்கு நேர்வழியில் போகாமல், பக்கத்து வீட்டு வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு, ஒரு சொட்டும் சிந்தாமல், முதுகை நிமிர்த்தி, அவள் பார்க்கட்டும் என்று மிக மெதுவாக நடந்தேன்.