கனகாம்பிகை வண்டி ஓடப் பழகினாள்

தில்லைநாதனின் கண் பார்வை மங்கத் தொடங்கியபோது அவரைவிட அதிகம் கலங்கியவள் மனைவி கனகாம்பிகைதான். யாழ்ப்பாணத்துக்கும் கீரிமலைக்கும் இடையில் காலமெல்லாம் சாரதியாகப் பஸ் ஓடிய மனிதர், இனிப் பண்டத்தரிப்பு வீட்டில் பகல் முழுக்கச் சும்மா இருப்பாரே என்று நினைக்கவே அவளுக்குத் தலை இடித்தது. பயந்தபடியேதான் நடந்தது. வாளி வைத்த இடம் பிழை, வெங்காயம் வெட்டுகிற விதமும் பிழை என்று அவளைக் குறை சொல்லிக்கொண்டே இருந்தார்.

கொழும்பில் வேலை பார்க்கும் மகள் வித்தியா லீவில் வந்தபோது, சிநேகிதியிடம் வாங்கிய பழைய கேம் பெட்டியொன்றை ரீவியில் கொழுவினாள். திரையில் தொப்பி போட்ட கரடி, கண்ணாடி போட்ட தவளை, குண்டுப் பூனை எல்லாம் சின்னச் சின்ன வண்டிகளில் இருந்து உறுமின.

“கிட்ட இருந்து பாருங்கோ அப்பா. உதுக்கு உந்தக் கண் காணும்.”

தில்லைநாதன் கரடியைப் பிடித்தார். வளைவு வந்தால் வேகத்தைக் குறைத்தார். பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் வழி விட்டார். எதிராளியை விழுத்தவென்று கேமில் கிடைக்கும் பூசணிக்காயை அவன் வண்டிச் சில்லுக்குள் உருட்டிவிட மட்டும் மனம் வரவில்லை. “ஆளுக்கு ஏதும் நடந்தால் ஆர் பதில் சொல்லுறது?” ஒவ்வொரு ஓட்டத்திலும் கரடிதான் கடைசி.

“அம்மா, நீங்கள் ஒருக்காப் பிடியுங்கோவன்.”

கனகாம்பிகை சைக்கிள்கூட ஓடியதில்லை. கல்யாணத்துக்கு முன் தகப்பனின் சைக்கிள் பாரில் போனாள், பிறகு கணவனின் பஸ்ஸில் போனாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து தவளையை எடுத்தாள். முதல் வளைவிலேயே அது குளத்துக்குள் பாய்ந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். திறந்தபோது தவளை ஒரு கீறலும் இல்லாமல் வீதியில் நின்றது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வித்தியா கொழும்புக்குத் திரும்பிய பிறகும் மத்தியானச் சாப்பாடு முடிந்தால் இருவரும் ரீவிக்கு முன்னால் இருந்தார்கள். ஒருநாள் அவள் அடுத்தடுத்துப் பூசணிக்காய் உருட்டிக் கரடியைப் பள்ளத்தில் தள்ளினாள்.

“உம்மடை லைசென்ஸைப் பறிக்கவேணும்!” என்று கத்திய தில்லைநாதன், பார்வை மங்கியதால் பறிபோன தன் லைசென்ஸ் நினைவுக்கு வர அப்படியே அடங்கிப்போனார்.

“என்னட்டை இருந்தால்தானே பறிக்கிறதுக்கு” என்று பகிடியாகச் சொன்னாள் அவள். சற்றுப் பொறுத்து, “எடுத்தால் என்னப்பா?” என்று கேட்டாள். இப்போது குரலில் பகிடி இல்லை.

வித்தியாவின் ஸ்கூட்டி மூலையில் தூசு படிந்து நின்றது. வீட்டுக்கு முன்னால் உள்ள ஒழுங்கையில் பழகத் தொடங்கிய இரண்டாம் நாள், பக்கத்து வீட்டு முருகேசுவின் வெங்காயத் தோட்டத்துக்குள் அதோடு போய் விழுந்தாள். முழங்கால் தோல் உரிந்தது. முருகேசு ஊருக்கே கேட்கப் பேசினார். இங்கே யாரும் அவளைத் தூக்கி வீதியில் நிறுத்தவில்லை; நொண்டி நொண்டித்தான் வீடு வந்தாள். அதன்பிறகு ஸ்கூட்டிப் பக்கமே போகவில்லை.

ஒரு கிழமை பார்த்துவிட்டு, தில்லைநாதன் ஸ்கூட்டியின் வளைந்த கண்ணாடியை நிமிர்த்தித் துடைத்தார்.

“வாரும். முருகேசுவுக்குச் சொல்லிப்போட்டன், கொஞ்ச நாளைக்கு வேலிக்கரையிலை ஆடு கட்டவேண்டாமெண்டு.”

“நான் திரும்ப விழுவன்.”

“ஓம், விழுவீர். அதுக்குத்தானே ஆட்டை அவிழ்க்கச் சொன்னனான்.”

சிரித்தபடி எழுந்தாள். லைசென்ஸ் சோதனையில் முதல் முறை தவறி, அடுத்த முறை தேறினாள்.

போன மாதம் கணவனைப் பின்னால் இருத்தி யாழ்ப்பாணத்துக்குக் கண் காட்டக் கூட்டிப்போனாள். பார்வை இதற்குமேல் குறையாமல் நிற்கிறது என்றார் டொக்டர். திரும்பும்போது தங்கள் ஒழுங்கை வந்தது. அவள் திருப்பவில்லை.

“இஞ்சேரும், வீடு போகுது! எங்கை போறீர்?”

“மாதகல் கடற்கரைக்கு. கொஞ்சம் காத்து வாங்கிக்கொண்டு வருவம்.”

தில்லைநாதன் ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு, அவள் தோளைப் பிடித்தபடி வசதியாகச் சாய்ந்து இருந்தார்.