கார் கதவுதான் விழுந்தது

எங்கள் காரின் பின்கதவு கொஞ்ச காலமாகவே தூக்கினால் நிற்பதில்லை. பாதி உயரம் வரும், அங்கேயே சற்று நிற்கும், பிறகு மெல்ல இறங்கிவிடும். கதவைத் தாங்க இரண்டு பக்கமும் இருக்கும் கம்பிகளில் கேஸ் போய்விட்டது என்றார் என் கணவர். ஒர்க்‌ஷாப்பில் அதற்கு அப்சார்பர் என்று பெயர். மாற்றிவிடலாம் என்று அவர் சொன்னபோது, "இப்ப என்ன அவசரம்? மாப் கட்டையை முட்டுக் குடுத்தா நிக்குதுல்ல" என்று தடுத்தவள் நான்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கிள்ளானில் பாசாருக்குச் சாமான் வாங்கப் போயிருந்தோம். அவர் தேங்காய் வாங்கிக்கொண்டிருந்தார். நான் கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டு, உள்ளே குனிந்து அரிசி மூட்டையைத் தள்ளினேன். மூட்டை இடித்ததில் கட்டை சாய்ந்துவிட்டது. கதவு இறங்கியதை நான் பார்க்கவில்லை. பூட்டு இருக்கும் இரும்பு முனை சரியாக இடது புருவத்தில் இறங்கியது. கண்ணைத் திறந்தபோது தரையில் உட்கார்ந்திருந்தேன். அவர் தேங்காயைப் போட்டுவிட்டு ஓடிவந்துகொண்டிருந்தார்.

கிளினிக்கில் ஓர் இளம் மலாய் டாக்டர். காயத்தைத் துடைத்துக்கொண்டே, என் கணவரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார். அவர் போனதும், வீட்டில் பாதுகாப்பாக இருக்கிறீர்களா அக்கா என்று மலாயில் தணிந்த குரலில் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கார் கதவுதான் விழுந்தது டாக்டர் என்றேன். அவர் சிரிக்கவில்லை. எப்போது வேண்டுமானாலும் தனியாக வரலாம் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் கண்ணைச் சுற்றி நீலம் பாரித்திருந்தது. லீவு போட்டிருக்கலாம். நான் கிள்ளானுக்குப் பக்கத்தில் மேருவில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையின் ஸ்டோரில் கணக்கு பார்ப்பவள். மாதக் கடைசி என்பதால் போனேன்.

என் கணவர் வழக்கம்போல் கேட்டருகே இறக்கிவிட்டார். தினமும் அவரைப் பார்த்து "என்ன பாஸ்" என்று கையைத் தூக்கும் செக்யூரிட்டி அண்ணன் என் முகத்தைப் பார்த்தார், பிறகு காருக்குள் பார்த்தார், பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். என் கணவர் தூக்கிய கையை மெதுவாக ஸ்டீயரிங்கில் வைத்துக்கொண்டார்.

உள்ளே யாரும் முதலில் கேட்கவில்லை. அதுவே எனக்குச் சங்கடமாக இருந்தது. நானே ஆரம்பித்தேன்.

"கார் பின்கதவு விழுந்துருச்சு லா. அப்சார்பர் லூஸ்."

"ஓ" என்றாள் ஒருத்தி.

"கட்டை வெச்சிருந்தேன், அது சாஞ்சிருச்சு. இப்படிக் குனிஞ்சிருந்தேன், இங்க வந்து இடிச்சிருச்சு." கையால் கதவு இறங்குவதுபோல் காட்டினேன்.

"பார்த்து இருங்க அக்கா" என்றாள், மிக மென்மையாக. அந்த மென்மையில்தான் எனக்குப் புரிந்தது. நான் சொல்லச் சொல்ல அது பொய்போலவே கேட்டது. மத்தியானத்துக்குள் வேறு ஆட்களிடமும் அதையே சொல்லியிருந்தேன், ஒவ்வொரு முறையும் கூடுதல் விவரங்களோடு. அன்று முழுக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. வீட்டில் அடிவாங்குகிறவள் என்று என்னை நினைத்துவிட்டார்களே என்ற வெட்கம். அடிவாங்குகிறவள் எதற்கு வெட்கப்பட வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

பேக்கிங் பிரிவில் ஒரு பெண் இருந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஸ்டோருக்குக் கையுறை வாங்க வரும்போது "அக்கா" என்று கூப்பிட்டு, வாங்கிக்கொண்டு போய்விடுவாள். அதிகம் பேச மாட்டாள். அன்று நான் கழிவறைக்குப் போனபோது அவள் என் பின்னாலேயே வந்தாள். கைப்பையிலிருந்து ஒரு சின்ன டியூபை எடுத்தாள்.

"முதல்ல இந்த ஆரஞ்சு கலரைத் தடவணும் க்கா. அது நீலத்தை மறைச்சிரும். அதுக்கு மேலதான் உங்க பவுடர். நேரா பவுடர் போட்டா சாம்பலாத் தெரியும்."

நான் கண்ணாடிப் பக்கம் திரும்பினேன். அவளே விரல் நுனியால் தொட்டுத் தடவிவிட்டாள். வலிக்காமல் எப்படித் தடவ வேண்டும் என்று அந்த விரலுக்குத் தெரிந்திருந்தது.

"நாலஞ்சு நாள்ல மஞ்சளா மாறும். அப்ப இது வேணாம், வேற இருக்கு, தரேன்." கண்ணாடியில் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். "உங்களுக்குக் கார் கதவு. எனக்கு எப்பவும் அலமாரி கதவு."

அந்த நிமிடம் நான் சொல்லியிருக்க வேண்டும், எனக்கு நிஜமாகவே கார் கதவுதான் என்று. ஆனால் அதை நான் காலையிலிருந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்ததை அவளும் கேட்டிருக்கிறாள். திரும்பச் சொன்னால், நான் உன்னைப்போல இல்லை என்று சொல்வதாக ஆகிவிடும் என்று நினைத்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அது போதுமாக இருந்தது அவளுக்கு.

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் என்னோடுதான் சாப்பிட்டாள். கேன்டீனில் மூலை மேசை. கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். புருஷன் லோரி ஓட்டுகிறான், பயணத்தில் இருக்கும் நாட்களில் வீடு அமைதியாக இருக்கும், திரும்பி வரும் லோரியின் சத்தம் கேட்டாலே டிவியை அணைத்துவிடுவேன் என்றாள். அம்மாவிடம் சொன்னால் பொறுத்துப்போ என்கிறாள். பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அக்காள் இருக்கிறாள், வா வா என்கிறாள், போக தைரியமில்லை. இதையெல்லாம் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்றாள்.

உண்மையைச் சொன்னால், அவள் என்னிடம் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. இத்தனை வருடம் அந்தத் தொழிற்சாலையில் என்னைத் தேடி வந்து உட்கார்ந்து பேசியவர்கள் கிடையாது. ஸ்டோர்காரி, கணக்கில் கறார் என்றுதான் பெயர்.

ஒருநாள் கேட்டாள், "உங்க வீட்டுக்காரரும் குடிப்பாரா க்கா?"

என் கணவர் போர்ட் கிள்ளானில் ஒரு ஷிப்பிங் ஆபீசில் வேலை செய்கிறார். பத்துமலைக்கு விரதம் இருந்து காவடி எடுப்பவர். பீர்கூடத் தொட்டதில்லை. கோபம் வந்தால் எழுந்துபோய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார், அவ்வளவுதான்.

"எப்பவாவது" என்றேன்.

சொன்னவுடனேயே உடம்பெல்லாம் எரிந்தது. திரும்ப எடுக்க முடியவில்லை. அவள் தலையை ஆட்டிக்கொண்டு, தன் டப்பாவிலிருந்து ஒரு முட்டையை என் சாதத்தில் வைத்தாள். அதைச் சாப்பிட்டேன்.

அன்று மாலை அவர் என்னை அழைத்துப்போக வந்தபோது அவள் கேட்டில் என் பக்கத்தில் நின்றாள். அவர் சிரித்து, "வீடு எங்கம்மா? டிராப் பண்ணவா?" என்று கேட்டார். அவள் பதில் சொல்லாமல் அவரை முறைத்துவிட்டு நடந்தாள்.

காரில் அவர் கேட்டார். "அந்தப் பொண்ணு என்மேல ஏன் கோபமா இருக்கு?"

"அவ அப்படித்தாங்க. யார்கிட்டயும் பேச மாட்டா."

"என்னமோ நான் அவளை ஏதோ செஞ்ச மாதிரி பார்த்துச்சு" என்று சொல்லிவிட்டு, அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

அப்சார்பர் அந்த வாரமே பார்சலில் வந்துவிட்டது. நான் அடிபட்ட அன்றே போனில் பார்த்து ஆர்டர் போட்டிருந்தார். வீடியோ பார்த்துத் தானே மாட்டுவதாகச் சொன்னார். ஞாயிறு காலை எங்கள் ஃப்ளாட்டின் கார் நிறுத்துமிடத்தில் வேலையை ஆரம்பித்தோம். நான் பின்கதவைத் தலைக்கு மேல் இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்திருந்தேன். அவர் சின்ன ஸ்க்ரூடிரைவரால், கம்பியின் முனையிலிருந்த கிளிப்பை நெம்பிக்கொண்டிருந்தார். கம்பியின் இரண்டு முனையிலும் ஒரு குழி இருக்கும். அது காரில் துருத்திக்கொண்டிருக்கும் சின்ன இரும்புக் குண்டின்மேல் உட்கார்ந்திருக்கும். கிளிப்பைக் கொஞ்சம் தள்ளினால் கையோடு வந்துவிடும் என்று வீடியோவில் சொன்னார்கள். எங்களுக்கு வரவில்லை. அவர் வியர்த்துக்கொட்டினார். எனக்குக் கை கடுத்தது.

"கொஞ்சம் பொறு, ஒரு பக்கம் முடிஞ்சிரும்" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஒரு கிராப் வாடகைக் கார் வந்து நின்றது. அதிலிருந்து அவள் இறங்கினாள். கையில் ஒரு துணிப்பை. ஏதாவது ஆனால் என் வீட்டுக்கு வா என்று முகவரி கொடுத்திருந்தேன். கொடுத்தவள் நான்தான்.

அவள் என் கணவரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். அவரோ திரும்பிப் பார்த்து, "அட, வாம்மா, நல்ல நேரத்துல வந்தே" என்றார். "அக்காவுக்குக் கை போயிருச்சு. இந்தப் பக்கம் கொஞ்சம் பிடிச்சுக்கிறியா? இது விழுந்துதான் அவ மூஞ்சி அப்படி ஆச்சு."

அதற்குள் கிளிப் கழன்று பழைய கம்பி அவர் கையில் வந்தது. அதைத் தரையில் நிறுத்தி உள்ளங்கையால் அழுத்திக் காட்டினார். சுலபமாக உள்ளே போன கம்பி திரும்பி வரவே இல்லை. எண்ணெய் கசிந்து அழுக்குப் படிந்திருந்தது. "பாரு, செத்துப்போச்சு. நான் அப்பவே மாத்தறேன்னு சொன்னேன், இவதான் கேக்கல."

அவள் அந்தக் கம்பியைப் பார்த்தாள். பிறகு கதவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் கையைத் தூக்கிக் கதவைத் தாங்கிக்கொண்டு நின்றேன். முகத்தை மறைத்துக்கொள்ளக்கூட முடியவில்லை.

அவள் பையைத் தரையில் வைத்துவிட்டு வந்து பிடித்தாள். கையைத் தூக்கியதும் சட்டைக் கை முழங்கைவரை சரிந்தது. மணிக்கட்டுக்கு மேலே விரல்தடங்கள் புதிதாகச் சிவந்திருந்தன. என் கணவர் பார்த்துவிட்டார். புதுக் கம்பியை எடுத்து, தடித்த பக்கத்தை மேலே வைத்து, குண்டின்மேல் அழுத்தினார். "டக்" என்று உட்கார்ந்தது. அடுத்த பக்கத்துக்குப் போனார். இரண்டாவது கம்பியும் உட்கார்ந்ததும், "கையை எடுங்க" என்றார். எடுத்தோம். கதவு அசையாமல் நின்றது.

"அப்ப நிஜமாவே கார் கதவுதானா க்கா?"

"ஆமாம்மா."

"ஏன் க்கா சொல்லல?"

"சொன்னேனே. எல்லார்கிட்டயும் சொன்னேன்."

"எல்லாரும்தான் க்கா அப்படிச் சொல்றோம்." அவள் குரல் உயரவில்லை. "எப்பவாவது குடிப்பாருன்னு சொன்னீங்களே, அது?"

என் கணவர் ஸ்க்ரூடிரைவரைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தினார். என்னைப் பார்க்கவில்லை. அப்படிப் பார்க்காமல் இருந்ததுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்கவா, அவரிடம் கேட்கவா என்று தெரியாமல் இருவருக்கும் நடுவில் நின்றேன்.

அவள் பையை எடுத்துக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். "எங்க போறே?" என்றேன். "எங்கயாவது" என்றாள். "உங்களுக்கு எதுக்கு க்கா இதெல்லாம்?"

அப்போது அவர் அங்கிருந்தே கூப்பிட்டார். "அம்மா, உன் சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களா? எங்கன்னு சொல்லு. நான் கொண்டுபோய் விடறேன். இவ வரணும்னா வரட்டும், வேணாம்னா நான் மட்டும் வரேன். நீ பின்னால உக்காந்துக்க."

அவள் திரும்பி, அசையாமல் நின்ற அந்தக் கார் கதவைப் பார்த்தாள். பிறகு, "அக்காவும் வரட்டும்" என்றாள். எதற்காக அப்படிச் சொன்னாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

காரில் ஏறியதும் அவள் பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் அக்காளுக்குப் போன் செய்தாள். ஃபெடரல் ஹைவேயில் நல்ல மழை. அவளுடைய அக்காள் ஃப்ளாட்டின் கீழே குடையோடு நின்றாள். தங்கையின் கையைப் பார்த்ததும் குடையை விட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள். நான் காரைவிட்டு இறங்கவில்லை. அவர்தான் இறங்கி, பையை எடுத்துக்கொடுத்து, போலீசில் ரிப்போர்ட் பண்ணுவதானால் கூட வருவதாகச் சொன்னார். அக்காள் தானே அழைத்துப்போவதாகச் சொன்னாள். அப்படியே செய்தாள் என்று பிறகு தெரிந்தது.

திரும்பி வரும்போது அவர் கேட்டார். "நான் குடிப்பேன்னு சொன்னியா?"

"எப்பவாவதுன்னு சொன்னேங்க."

"அடிப்பேன்னு?"

"அப்படிச் சொல்லல. இல்லைன்னும் சொல்லல."

அவர் வைப்பரை இன்னும் வேகமாக வைத்தார். "அந்தப் பொண்ணுக்கு உன் பொய் தேவைப்படல" என்றார் கடைசியில். "சும்மா கேட்டுக்கிட்டு இருந்தாலே போதும்." கோபமாகச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போனார். மழை பெய்துகொண்டிருந்தது.

அவர் என்னிடம் பழையபடி பேசக் கொஞ்ச நாள் ஆனது. தொழிற்சாலையில் அவரைப் பற்றி மற்றவர்கள் நினைத்ததை நான் சரிசெய்யவே முடியவில்லை. முயன்றால் இன்னும் மோசமாகும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆறிய புருவத்தில் ஒரு கோடு மட்டும் இருக்கிறது. அதைப் பற்றி இப்போது யாரிடமும் பேசுவதில்லை.

அவள் வேலையை விடவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ரயிலில் கிள்ளானுக்கு வந்து, அங்கிருந்து ஃபேக்டரி வேனில் வருகிறாள். முகம் தெளிந்திருக்கிறது. இப்போது பேக்கிங் பெண்களோடு, நீள மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். சில சமயம் சத்தமாகச் சிரிப்பதும் கேட்கிறது. மூலை மேசையில் இருந்து பார்க்கும்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. எழுந்துபோய் அந்த மேசையில் உட்கார மட்டும் முடியவில்லை.

போன வாரம் கையுறை வாங்க ஸ்டோருக்கு வந்தாள். பெட்டியை எடுத்து நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, மரியாதையாகவே சொன்னாள், "தேங்க்யூ மேடம்."

"சரிம்மா" என்றேன். அவள் போன பிறகும் கொஞ்ச நேரம் கவுண்டரிலேயே நின்றுகொண்டிருந்தேன்.