காப்புக் கட்டியிருந்தபோது வந்த வலி

பக்கத்து குவார்ட்டர்ஸ் மீனாவுக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி. திடீரென்று வலித்தால் உடனே வரச் சொல்லியிருந்தார் டாக்டர்.

நேற்றுக் காலை வலியும் வாந்தியும் வந்தன. பிள்ளை வரம் கேட்டுத் தீமிதிக்குக் காப்புக் கட்டியிருந்தாள்.

"காப்போட ஊர் எல்லை தாண்டக் கூடாதும்மா. நாளைக்கு அவுத்ததும் ஆஸ்பத்திரிக்குப் போவலாம்" என்றேன்.

"சரிங்கக்கா" என்று சுருண்டு படுத்தாள்.

இன்று காப்பை அவிழ்த்ததும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். உடனே ஆபரேஷன். "கட்டி முறுக்கிக்கிட்டு சினைப்பையே கருத்துப்போச்சு, எடுத்துட்டோம். நேத்தே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்" என்றார் டாக்டர்.

கண் விழித்ததும் மீனா, "இன்னொரு பக்கம் இருக்கில்லக்கா, அது போதுமில்ல?" என்றாள்.

திரும்பும் வழியில் கோயில் பூசாரியிடம் சொன்னேன். "அவுத்து வெச்சிட்டுப் போவ வேண்டியதுதானே? அம்மனா வேணாங்குது?" என்றார்.

அம்மன் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். உங்கள் பிளாக்கிலும் அம்மனுக்குப் பதிலாகப் பேசுகிறவர்கள் உண்டா?