லண்டன் ஏலத்தில் வந்த பாட்டனார்

நல்லகாமன் மாமா தல்லாகுளத்தில் பத்திர எழுத்தர். நாலு தென்னையும் ஒரு கிணறும் விற்க வருகிறவனிடம்கூட முதலில் தாய்ப்பத்திரம்தான் கேட்பார். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று பின்னோக்கிப் போய், எங்கேயாவது ஒரு பெரிய பெயரில் முட்டி நின்றால்தான் அவருக்குத் திருப்தி. அவருடைய துயரம், அவர் குடும்பத்துக்கு அப்படி ஒரு தாய்ப்பத்திரம் இல்லை என்பது. அவருடைய தாத்தா மாடு மேய்த்தார். அதற்கு முன்னால் யார் என்று சொல்ல ஆளில்லை.

வெறும் மனக்குறை என்றால் போகட்டும். நாகமலை அடிவாரத்தில், அவர்களுடைய சொந்த ஊரில் இருக்கும் குலதெய்வக் கோயிலில் சிவராத்திரி அன்று பரிவட்டம் ஒரே ஒரு தலைக்குத்தான். அந்தத் தலை பல வருடங்களாக மொக்கையனுடையது. மொக்கையன் மாமாவுக்குப் பங்காளி, வயதில் இளையவர், செங்கல் சூளை வைத்திருக்கிறார். தன் முப்பாட்டன் பாளையப்பட்டில் பெரிய காவல்காரர் என்பார். ஆதாரம் கேட்டால் இன்னும் சத்தமாகச் சொல்வார். மாமாவுக்குத் திருநீறு மூன்றாவதாக வரும். செத்துப்போவதற்குள் ஒரு தடவையாவது அந்தத் துணி தன் தலையில் ஏற வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. விளாங்குடியில் மாடி வீடு கட்டியபோது கேட்டுப் பார்த்தார். மகளை டாக்டருக்குக் கொடுத்தபோதும் கேட்டார். கோயில்காரர்கள் வாழ்த்திவிட்டுத் திருநீற்றை மூன்றாவதாகவே கொடுத்தார்கள்.

நான் வரலாறு படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். படிப்புக்கு ஏதோ மதிப்பு உண்டு என்று யாரிடமாவது காட்ட வேண்டியிருந்தது. ஒருநாள் மாமாவிடம் ஃபோனில் ஒரு படத்தைக் காட்டினேன். லண்டனில் ஏலத்துக்கு வந்திருந்த பதினெட்டாம் நூற்றாண்டு எண்ணெய் ஓவியம். வெள்ளைத் தலைப்பாகை, முத்துக் கடுக்கன், கையில் ஹூக்கா குழாய், வரைகிற வெள்ளைக்காரனிடமே வட்டி கேட்கப்போவது போன்ற முகம். மதுரைச் சீமைப் பிரமுகர், பெயர் தெரியவில்லை என்று கீழே போட்டிருந்தது.

பெயர் தெரியவில்லை என்பது மாமாவுக்கு, உரிமையாளர் இல்லாத நிலம் என்று கேட்டிருக்க வேண்டும். படத்தைப் பெரிதாக்கினார். தன் காதைத் தடவிக்கொண்டார்.

"மாப்ள, இந்தக் காதப் பாரு. இப்ப என் காதப் பாரு."

அடுத்த வாரம் ஊர் முகப்பில் பிளக்ஸ் நின்றது. ஹூக்காவை அழித்துவிட்டு வேல்கம்பு கொடுத்திருந்தார்கள். மீசை வளர்ந்திருந்தது. பெயர், மாவீரர் பெரிய நல்லகாமன். கீழே ஓரத்தில் மாமா கைகூப்பி நின்றார், காது தெரியும்படி. மாமாவின் மனைவி ரெங்கம்மாள் அத்தை மட்டும் அதை ஏற இறங்கப் பார்த்தார். "பெத்த அப்பனுக்கு ஒரு போட்டோ மாட்ட வக்கில்ல. லண்டன்ல இருந்து பாட்டன எறக்குறாரு."

ஊர் அசந்துபோனது. லண்டன்காரனே ஏலம் போடுகிறான் என்றால் சும்மாவா? பரிவட்டத்தை இந்த வருடம் மாற்றுவது பற்றிப் பேசக் கோயிலில் கூட்டம் போட்டார்கள். மொக்கையன் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். ஏலக்காரன் ஆங்கிலத்தில் போட்டிருப்பதை நான் எல்லார் முன்னாலும் தமிழில் படித்துச் சொல்ல வேண்டும்.

கூட்டத்தன்று திறந்து பார்த்தால் ஏலக்காரர்கள் குறிப்பை மாற்றியிருந்தார்கள். ஆள் யாரென்று கண்டுபிடித்துவிட்டார்களாம். எங்கிருந்தோ வந்து, கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வரி வசூலித்துக் கொடுத்த குத்தகைக்காரர். வரி கொடுக்காத மேற்குப் பக்கத்துக் கிராமங்களுக்குச் சிப்பாய்களைக் கூட்டிவந்து தீ வைத்தவர். எரிந்த கிராமங்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. இந்த ஊரும் இருந்தது.

மாமாவைத் தனியே அழைத்துச் சொன்னேன். "அந்தப் பத்திய மட்டும் முழுங்கிரு மாப்ள" என்றார். என்னால் முடியவில்லை. அது நேர்மையா, படித்தவன் என்கிற திமிரா என்று இப்போதும் தெரியவில்லை. முழுவதையும் படித்தேன்.

கூட்டத்தில் தலைகள் குனிந்தன. மாமா தரையைப் பார்த்தார். எல்லாரும் வெட்கப்படுகிறார்கள் என்று நினைத்தேன். மொக்கையன் தொண்டையைச் செருமினார்.

"அப்ப அந்த ஆளு நம்ம ஊருக்கே வந்துருக்காரு."

வந்திருக்கிறார் என்றேன்.

"வந்தவரு எங்க தங்கியிருப்பாரு? அன்னைக்கு ஓட்டு வீடு எங்க வீடு ஒண்ணுதான். அப்ப அவரு எங்க வகையறாவுக்குத்தான் வேண்டியவரு."

மாமாவுக்கு உயிர் வந்தது. "ஊர எரிச்சவரு ஒன் வீட்ட மட்டும் விட்டுட்டாராக்கும்? அவரு எனக்குப் பாட்டன்டா."

அதன்பிறகு தீயைப் பற்றி யாரும் பேசவில்லை. எரித்தவர் யாருக்குச் சொந்தம் என்பதிலேயே பொழுது சாய்ந்தது. இம்புட்டு ஊரை எரிக்கச் சாதாரண ஆளால் முடியுமா என்று ஒருவர் வியந்தார். எரிந்த வீடுகளின் பேரன்கள் தலையாட்டினார்கள். கடைசியில் பூசாரிதான் வழி சொன்னார். இரண்டு பேருக்கும் வேண்டாம், பரிவட்டத்தை அந்தப் பெரியவருக்கே கட்டிவிடலாம்.

சிவராத்திரிக்கு முன்பே லண்டனில் ஏலம் முடிந்துவிட்டது. ஓவியத்தை யார் எடுத்தார்கள் என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. பிளக்ஸைக் கோயில் வாசலுக்குக் கொண்டுவந்து உயரமாகக் கட்டியிருந்தார்கள். பெரியவரின் தலை பூசாரிக்கு எட்டவில்லை. ஏணி வந்தது. பூசாரிக்கு முழங்கால் வலி.

நல்லகாமன் மாமா முன்னால் வந்து தட்டிலிருந்த பரிவட்டத்தை எடுத்தார். ஏணியைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டுமே என்று பூசாரியிடம் பணிவாகச் சொல்லிவிட்டு, அதைத் தன் தலையில் சுற்றிக்கொண்டார். உறுமி அடிப்பவர் வெளியூர்க்காரர். தலையில் துணி ஏறியதைப் பார்த்ததும் மரியாதை மேளத்தை அடிக்க ஆரம்பித்துவிட்டார்.

"அண்ணே, வெரசா ஏறுங்க" என்றார் மொக்கையன்.

மாமா முதல் படியில் வலது காலை வைத்தார். கொஞ்சம் நின்றார். கூட்டத்தை ஒருமுறை நன்றாகத் திரும்பிப் பார்த்தார். பிறகுதான் இடது காலைத் தூக்கினார்.