பக்கத்தில் இன்னொரு தட்டு

அமரவிளையில் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது கடைக்காரப் பெண் ஒருத்தி ஓடிவந்தாள். "சிஸ்டரே, அறிஞ்சியளா? நம்ம ரோஸ்லெட் சிஸ்டரு போயிட்டாவ. விடியதுக்கு முன்ன, வெளுப்பாங்காலத்துல நெஞ்சு வலியாக்கும்." பஸ் வந்தது. நான் ஏறவில்லை.

உப சுகாதார நிலையத்தில் என்னோடு வேலை பார்த்த நர்ஸ் அவர். அம்பூரியின் ரப்பர் மேடுகளில் கர்ப்பிணிகளைப் பார்க்க நாங்கள் சேர்ந்தே ஏறினோம். "மாத்திரை தின்னியா?" என்று அவர் கேட்டதே இல்லை. "எதுகூட தின்ன?" என்றுதான் கேட்பார். முதல் கேள்விக்கு எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். இரண்டாவதற்குத்தான் பால் சேர்க்காத கட்டன்சாயா வெளியே வரும். "சாயா இரும்புச் சத்த ஒடம்புல சேர விடாது மக்கா. எலுமிச்ச நாரங்கா பிழிஞ்ச வெள்ளத்துல குடி" என்பார்.

அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எந்த வீட்டில் சாப்பிடச் சொன்னாலும் பக்கத்தில் இன்னொரு தட்டு வைக்கச் சொல்வார். வீட்டில் கடைசியாக உண்ணும் கர்ப்பிணி அதன் முன் உட்கார வேண்டும். தங்கம்மையக்கா வீட்டில் அது எளிதாக நடக்கவில்லை. மருமகள் சுமாவுக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

"அவ வயிறு நெறச்சா பிள்ளைக்கு எடம் வேண்டாமா சிஸ்டரே?" என்றார் தங்கம்மையக்கா.

"சோறு போற அறை வேற, பிள்ளை கெடக்குற அறை வேறயாக்கும். ரெண்டுக்கும் எடையில கதவு கெடையாது."

"சிஸ்டரு உள்ள போயி பாத்தாச்சோ?"

"படிச்சிட்டுதானக்கா வாறேன். தட்டு எடுங்க, மரச்சீனிக் கெழங்கு ஆறுது."

தங்கம்மையக்கா சிரித்துவிட்டார். தட்டு வந்தது.

ஏழாம் மாதம் நாங்கள் போனபோது தங்கம்மையக்காவுக்கு வாசலிலேயே பெருமை. "சிஸ்டரு சொன்னதுபோல ஊட்டுனேன். மொகம் பூரிச்சிருக்கத பாத்தியளா!"

ரோஸ்லெட் சுமாவின் கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தினார். விழுந்த குழி நிறையவில்லை. ரத்த அழுத்தம் மிக அதிகம். தலை வலிக்கிறது, கண் மங்குகிறது என்று சுமா மெல்லச் சொன்னாள்.

"இது சோறு தந்த பூரிப்பு இல்லக்கா, நீர்வீக்கமாக்கும். ஜன்னி வந்தா ரெண்டு உயிருக்கும் ஆபத்து. இப்பமே நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"ஞாயிற்றுக்கிழமை அவ அம்மை வீட்டுக்காரங்க பலகாரத்தோட பேறுக்குக் கூட்டிட்டுப் போக வாறாவ. அதுக்கு முன்ன படி எறக்கி விட்டா ஊரு என்ன சொல்லும்?"

ரோஸ்லெட் வாதாடவில்லை. என்னைச் சுமாவோடு இருக்கச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மலையடிவாரத்திலிருந்த சுமாவின் அம்மாவோடு, ரப்பர் ஷீட் ஏற்றும் ஜீப்பில் திரும்பினார். பலகாரம் சுட நேரமில்லை. அந்த அம்மாவின் கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது. "கூட்டிட்டுப் போக வந்தாச்சு" என்றார் ரோஸ்லெட். தங்கம்மையக்கா பழத்தைப் பார்த்தார், மருமகளின் முகத்தைப் பார்த்தார். "நானும் வாறேன்" என்று ஜீப்பில் ஏறினார்.

சுமா ஆஸ்பத்திரியிலேயே இருந்து ஒன்பதாம் மாதத்தில் பெற்றாள். பிள்ளைக்கு எடை கொஞ்சம் குறைவு, அழுகைக்குக் குறைவில்லை.

ரோஸ்லெட் அந்த முகப்பூரிப்பை மறக்கவில்லை. "பாதி சொல்லிட்டு, முழுசா கேக்கலண்ணு குத்தம் சொல்லப்படாது" என்றார் என்னிடம். அதன்பிறகு, "நல்லா தின்னணும்" என்பதோடு அவர் நிறுத்தியதில்லை. "மொகம் வீங்குனா, தலை வலிச்சா, கண்ணு மங்குனா, நல்ல நாளு பாக்கப்படாது" என்றும் சேர்த்துக்கொள்வார்.

ரோஸ்லெட்டின் அடக்கம் முடிந்து முற்றத்தில் கஞ்சியும் பயறும் பரிமாறினார்கள். தங்கம்மையக்கா பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். ஓரமாக நின்ற ஒரு வயிற்றுக்காரியை, யார் வீட்டுப் பெண் என்றுகூடக் கேட்காமல், கைபிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். "மொதல்ல நீ குடி மக்கா."

இந்த அஞ்சலியை வாசிக்கும், அவரை அறிந்த உங்கள் ஒவ்வொருவரிடமும் அவருடைய ஏதாவது ஒன்று தங்கியிருக்கும். என்னிடம் தங்கியிருப்பது அந்தப் பிடிவாதம். இனி எந்த வீட்டுக்குப் போனாலும், பக்கத்தில் இன்னொரு தட்டு வைக்கச் சொல்லிவிட்டுத்தான் கை நனைப்பேன்.